விமானம் பார்க்கும் கண்

மதுரையில் விமானம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கருவறையின் மேல் எழுந்து நிற்பது. சொக்கநாதர் கருவறையின் மேலுள்ளது இந்திர விமானம். கூடலழகர் கோயிலில் இருப்பது அட்டாங்க விமானம். மற்றொன்று, நகருக்குத் தெற்கே அவனியாபுரத்தையும் பெருங்குடியையும் ஒட்டிய சமவெளியில் எழுவதும் இறங்குவதுமாக இருப்பது. முதலாவதை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுவோர் பலர். இரண்டாவதை அண்ணாந்து பார்ப்போரும் பலரே. ஓசை கேட்டுத் தலை நிமிர்ந்து, மறைந்ததும் வேலையைப் பார்க்கத் திரும்புவோர் அவர்களில் பெரும்பான்மையினர். சிலர் மட்டும் அதற்கென்றே நேரம் ஒதுக்குகின்றனர். நிலையத்தின் வேலிக்கு வெளியே காத்து நின்று, வருவது எந்த வகை, எங்கிருந்து வருகிறது, அதன் பதிவெண் என்ன என்று குறிப்பேட்டில் எழுதி, எழுவதையும் இறங்குவதையும் ஒளிப்பதிவு செய்கின்றனர். இலண்டனிலும் மும்பையிலும் சென்னைப் பரங்கிமலையிலும் இத்தகையோர் உண்டு. அவர்களுடைய பார்வையிலிருந்து கவிஞர் கற்கத்தக்கது ஒன்று உண்டு என்பதே இவ்வுரையின் பொருள்.

பறக்கும் ஊர்தி தமிழுக்குப் புதிதன்று. ஓட்டுநர் செலுத்தாமல் இயங்கும் வான ஊர்தியைப் பற்றிய குறிப்பு புறநானூற்றிலேயே உண்டு. எனினும் எழுவதையும் இறங்குவதையும் கூர்ந்து கண்டு சொன்ன பெருமை சீவக சிந்தாமணியைச் சேரும். கட்டியங்காரனின் சூழ்ச்சியால் நாடிழந்து மடியப் போகும் சச்சந்தன், கருவுற்ற விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். இங்கே திருத்தக்கதேவர் செய்தது கவனிக்கத்தக்கது. மயில் பறந்தது என்று அவர் ஒரு சொல்லில் முடிக்கவில்லை. பொறியை வலப்புறம் திருகினால் மேலெழும், இடப்புறம் திருகினால் கீழிறங்கும் என்று இயக்கத்தைச் சொல்கிறார். அரசி அதனை முன்னரே இயக்கிப் பழகினாள் என்கிறார். தரையிறங்கும் மயிலின் கால்கள் எவ்வாறு அமைந்தன என்பதும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அந்த ஊர்தி இறங்கிய இடம் சுடுகாடு. சீவகன் பிறந்தது அங்கே. பறத்தலின் வியப்பும் இறங்கிய நிலத்தின் துயரும் ஒரே காட்சியில் அடங்குகின்றன.

பொறிகளாலேயே உலகம் இயங்கும் காலத்தில் வாழும் கவிஞர்கள் வானூர்தியை எவ்வாறு பாடியுள்ளனர்? இரும்புப் பறவை என்பர். வெள்ளிப் பறவை என்பர். அலுமினியக் கழுகு என்பாரும் உண்டு. கவியரங்க மேடைகளில் இவ்வுவமைகள் கேட்டுத் தேய்ந்தவை. உவமை கிடைத்தவுடன் கண் மூடிக்கொள்கிறது என்பதே இதிலுள்ள குறை. பறவை என்று சொன்ன பிறகு அந்த ஊர்தியைப் பார்க்கத் தேவையில்லாமல் போகிறது. வேலிக்கு வெளியே நிற்பவரோ உவமை தேடுவதில்லை. ஆகவே அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

அவர் என்னென்ன பார்க்கிறார்? மதுரையையே சான்றாகக் கொள்ளலாம். இந்நிலையம் இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், பிரித்தானிய வான்படையின் பயன்பாட்டில் இருந்தது. இதன் ஓடுபாதை கிழக்கு மேற்காக 2,285 மீட்டர் நீளமுடையது. ஒரு முனையில் 09 என்றும் மறு முனையில் 27 என்றும் எழுதியிருக்கும். கிழக்கு 90 பாகை, மேற்கு 270 பாகை. கடைசிச் சுழியை விட்டு எழுதுவது உலக வழக்கு. வானூர்தி எப்போதும் எதிர்காற்றை நாடும். எதிர்த்து வரும் காற்றே சிறகுக்குத் தூக்கு விசை தருவது. இறங்கும்போது வேகத்தைத் தணிப்பதும் அதுவே. ஆகையால் ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும் நாளில் ஊர்தி மேற்கு நோக்கி எழும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால் கிழக்கு நோக்கி எழும். வேலியோரம் நிற்பவருக்குப் பருவமாற்றம் வானூர்தியின் திசையிலேயே தெரிந்துவிடுகிறது. குறுக்குக் காற்று வீசினால், இறங்கும் ஊர்தி மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி, நண்டு நகர்வதைப் போலப் பக்கவாட்டாக வரும். தரையைத் தொடும் தறுவாயில் பாதைக்கு நேராகும்.

வெயிலும் இதில் ஒரு பாத்திரம். சித்திரை நடுப்பகலில் காற்று சூடேறி அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறைந்த காற்றில் சிறகும் பொறியும் அதே ஆற்றலைத் தருவதில்லை. எனவே மார்கழி விடியலில் குறைந்த தூரம் ஓடி எழுந்த அதே ஊர்தி, அதே சுமையுடன் சித்திரையில் கூடுதலான தூரம் ஓடியே எழும். மதுரை வெயிலின் கடுமையை எத்தனையோ சொற்களில் கவிஞர்கள் சொல்லியிருக்கலாம். ஓடுபாதையில் கூடும் அந்தத் தூரத்தால் அதனை அளக்கலாம் என்பது பார்த்து நின்றவர் கண்ட செய்தி.

இறங்கும் காட்சி இன்னும் நுட்பமானது. சுழலாமல் தொங்கிவரும் சக்கரங்கள் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் தரையை உரசும்போது, ரப்பர் கருகி வெண்புகை எழுகிறது. அடுத்த நொடியில் சிறகின் மேல் தகடுகள் நிமிர்ந்து காற்றை மறிக்கின்றன. பிறகே பொறிகளின் எதிரோட்ட முழக்கம். இரவானால் இடச் சிறகில் சிவப்பு விளக்கு, வலச் சிறகில் பச்சை. பார்ப்பவரின் வலப்பக்கம் சிவப்பு தெரிந்தால் ஊர்தி அவரை நோக்கி வருகிறது. இடப்பக்கம் தெரிந்தால் விலகிப் போகிறது. வருகையும் பிரிவும் இரண்டு விளக்குகளின் இடமாற்றத்தில் அடங்கியுள்ளன. திருப்பரங்குன்றத்து மலைமேலிருந்து பார்ப்பவருக்கு வேறோர் அனுபவம். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் ஊர்தி ஓசையின்றி எழும்; அதன் முழக்கம் 15 நொடி கழித்தே மலையை அடையும். அதற்குள் ஊர்தி முழக்கத்தை விட்டு வெகுதூரம் போயிருக்கும்.

உடம்பில் எழுதிய பதிவெழுத்தும் படிக்கத்தக்கதே. இந்திய ஊர்தியெனில் வி.டி. என்று தொடங்கும்; இலங்கை ஊர்தியெனில் 4ஆர் என்று தொடங்கும். 2012இல் மதுரைக்கும் கொழும்புக்கும் இடையே வான்வழி திறந்த பின்னர், கடலுக்கு அப்பாலிருந்து வருவதை எழுத்திலேயே அறிய முடிந்தது.

இத்தனைக்கும் மதுரைக்கு வருபவை பேரூர்திகள் அல்ல. 27 மீட்டர் நீளமுள்ள ஏ.டி.ஆர். வகையும், 40 மீட்டரை ஒட்டிய ஏர்பஸ் 320, போயிங் 737 வகைகளுமே இங்கு வழக்கமானவை. பேரூர்தி என்றால் 70 மீட்டர் நீளமுள்ள போயிங் 747. 80 மீட்டர் சிறகு விரிக்கும் ஏர்பஸ் 380. முதலாவது 1969இல் முதன்முதலாகப் பறந்தது. 1971இல் தன் முதல் ஜம்போவைப் பெற்ற ஏர் இந்தியா, அதற்கு அசோகச் சக்கரவர்த்தியின் பெயரைச் சூட்டியது. பின்னர் வந்தவற்றுள் ஒன்றின் பெயர் இராசேந்திர சோழன். கடல் கடந்து கடாரம் சென்ற வேந்தன், இருபதாம் நூற்றாண்டில் வான் வழியே கடல் கடந்தான். இச்செய்தி தமிழ்க் கவிதையில் பெரிதாக இடம்பெறாதது வியப்பே.

அந்த வகையின் காலமும் முடிந்துவருகிறது. கடைசி 747 ஊர்தி 2023 ஜனவரியில் தொழிற்சாலையிலிருந்து ஒப்படைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் ஏர் இந்தியாவின் 'ஆக்ரா' என்னும் 747 மும்பையிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. அது திரும்பி வருவதற்கான பயணம் அன்று. எழுந்ததும் விமானி இருபுறச் சிறகுகளையும் மாறிமாறிச் சாய்த்து விடை சொன்னார். அந்த விடைபெறல் காட்சியாக எஞ்சியிருப்பது, காத்து நின்று பதிவு செய்தவர்களால். உலகிலேயே ஒன்றே ஒன்றாக இருந்த ஆறு பொறி அன்டனோவ் 225 என்னும் பெருஞ்சுமை ஊர்தி, 2016 மே மாதம் ஐதராபாத்தில் இறங்கியது. 2022இல் உக்ரைன் போரில் அது அழிந்தது. அது எழுந்த விதமும் இறங்கிய விதமும் இனி ஒளிப்பதிவுகளில் மட்டுமே உண்டு.

இவ்வாறு பார்ப்போர் ஐயத்துக்கும் ஆளாவது உண்டு. இந்த வழக்கமே போர்க்காலத்தோடு தொடர்புடையது. உலகப் போரில், வருவது நட்பா பகையா என்று வடிவத்தைக் கொண்டு அறிவதற்காகப் பிரிட்டனில் தன்னார்வலர் வானத்தைக் காத்தனர். அன்று கடமையாக இருந்தது பின்னாளில் குற்றமாகவும் கருதப்பட்டது. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டில், வான்படைத் தளத்தருகே குறிப்பெடுத்த 12 பிரித்தானியரும் இரண்டு ஒல்லாந்தரும் ஒற்றர் என்ற ஐயத்தில் பிடிபட்டனர். தண்டனை பெற்று, 2002 நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலையாயினர். 2010இல் தில்லியில் விடுதி அறையிலிருந்து ஊர்திகளைக் கவனித்த இரண்டு பிரித்தானியர் கைதாகி, ஏறத்தாழ இரண்டு மாதம் தடைபட்டு, தண்டம் செலுத்தி நாடு திரும்பினர். இந்தியாவில் 1937ஆம் ஆண்டு வானூர்தி விதிகளின் 13ஆம் விதி, அரசு நிலையங்களில் எழுத்து வழி ஒப்புதலின்றிப் படமெடுப்பதைத் தடுத்தது. பாதுகாப்பின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஊன்றிப் பார்ப்பவனை அதிகாரம் ஐயத்தோடு நோக்கும் என்பது கவிஞருக்கும் புதிய செய்தியன்று.

அந்தப் பார்வையின் பயன் 2025 ஜூன் 12 அன்று வெளிப்பட்டது. அகமதாபாத்தில் இலண்டனுக்குப் புறப்பட்ட போயிங் 787 பேரூர்தியை, மொட்டைமாடியில் நின்ற ஒரு சிறுவன் கைப்பேசியில் பதிவு செய்தான். வானூர்திகளைப் பார்ப்பதில் ஆர்வமுள்ள பிள்ளை அவன். ஊர்தி எழுந்ததும், உயரம் பெறாமல் தாழ்ந்ததும், கட்டடங்களுக்கு அப்பால் தீப்பிழம்பு கிளம்பியதும் அவன் பதிவில் உள்ளன. ஊர்தியில் இருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார். தரையில் இருந்த 19 பேரும் மாண்டனர். காவல்துறை அச்சிறுவனைச் சாட்சியாக விசாரித்தது. விருப்பத்துக்காகப் பார்த்தவன் சாட்சியாக ஆனான். பார்ப்பது விளையாட்டு என்று தொடங்கினாலும், பார்த்ததற்குப் பொறுப்பேற்க வேண்டிய நாள் வரக்கூடும். அப்பதிவில் ஓர் உவமையும் இல்லை என்பதையும் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இனி மதுரை மண்ணுக்குத் திரும்பலாம். பேரூர்திகள் இங்கே இறங்க வேண்டுமானால் 2,285 மீட்டர் போதாது. ஏர்பஸ் 320 எழும்போது அதன் எடை மிகுதியாக 80 டன்னை ஒட்டும். 787 வகையோ 220 டன்னைக் கடக்கும். அத்தனை எடை எழுவதற்கு நீண்ட பாதை வேண்டும். எனவே ஓடுபாதையை 12,500 அடியாக, அதாவது ஏறத்தாழ 3,800 மீட்டராக நீட்டுவதற்குத் திட்டமிடப்பட்டது. அதற்காக 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் குறிக்கப்பட்டது. அயன்பாப்பாக்குடி, பெருங்குடி, குசவன்குண்டு முதலிய ஊர்களின் பெயர்கள் அரசுக் கோப்புகளில் ஏறின. சின்ன உடைப்பு மக்கள், வீடுகளை விட்டு வெளியேறுமுன் மாற்றிடமும் மீள்குடியமர்வும் வேண்டுமென்று 2024 நவம்பரில் போராடினர். வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் சென்றது.

பெரிய ஊர்தி மதுரையில் இறங்குவதைக் காணும் ஆசை தவறானதன்று. வளைகுடாவிலும் மலேசியாவிலும் உழைத்துத் திரும்பும் மகன், சென்னையிலோ திருச்சியிலோ இறங்காமல் ஊர்ப்பக்கத்திலேயே இறங்கட்டும் என்று தாய் எண்ணுவதும் இயல்பே. அதே நேரத்தில், அந்தச் சக்கரம் தொடப்போகும் இடத்தில் இன்னொரு தாயின் அடுப்படி இருக்கிறது. வானூர்தி பார்ப்பவரின் கண் மேலே மட்டும் நோக்கினால் பாதியைத்தான் பார்க்கிறது. நிலத்தை இழப்பவருக்காக எழுதும் கவிஞர் வானத்தை ஏறெடுத்தும் பார்க்காவிட்டால், அதுவும் பாதிப் பார்வையே. மயிற்பொறி எழும்போது பொறியின் திருகலையும், இறங்கும்போது சுடுகாட்டையும் திருத்தக்கதேவர் சேர்த்தே கண்டார். சமணராகிய அவரால் காதற்சுவை பாட இயலுமோ என்று மதுரைப் புலவர்கள் ஐயுற்றதாக ஒரு கதை வழிவழி வழங்குகிறது. அவர் விடை சிந்தாமணி.

ஆதலின் இலக்கிய வட்டத்தின் கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மாலையில் சுற்றுச்சாலைப் பக்கம், தடையில்லாத இடத்தில், ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். காற்று எத்திசை, ஊர்தி எத்திசை, அதன் எழுத்து என்ன, சிவப்பு விளக்கு எப்பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அருகிலுள்ள ஊருக்குள் சென்று, அந்த ஓசையின் கீழ் உறங்குவோரிடம் அவர்களுடைய கண்மாய், கோயில், இடுகாடு ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடுபாதை நீளுமானால் அப்பெயர்களும் ஒருநாள் பதிவில் மட்டுமே எஞ்சக்கூடும். இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்த பின்னர் எழுதுங்கள். வட்டத்தின் அடுத்த பத்தாண்டு மலரில் அத்தகைய கவிதைகள் இடம்பெறுக.