அடுப்பை விட்டு விலகினால் சூடு கூடுமா?



அடுப்பை விட்டுத் தள்ளிப் போனால் அனல் குறையும். சூரியனிடம் இது தலைகீழ். அதன் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு வெளியே உள்ள கொரோனாவோ 10 லட்சம் டிகிரிக்கும் மேல். ஏன்? 1940-களிலிருந்து கேட்கிறார்கள், முழு விடை இன்னும் இல்லை. காந்தப்புலத்தில் ஓடும் அலைகள் சூட்டைச் சுமந்து செல்கின்றன என்கிறது ஒரு தரப்பு. முறுக்கேறிய காந்தக் கோடுகள் அறுந்து இணையும்போது எழும் எண்ணற்ற சிறு வெடிப்புகளே காரணம் என்கிறது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இதை அறியத்தான் பார்க்கர் விண்கலம் 2024 டிசம்பரில் சூரியனை 61 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கியது.

‘நமக்கென்ன?’ என்று கேட்பீர்கள். கொரோனாவிலிருந்துதான் மின்னேற்றத் துகள்களாலான பிளாஸ்மா புயலாகக் கிளம்புகிறது. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள்.

புயல் கிளம்புவது நமக்குத் தெரிந்துவிடும். வந்து சேர வழக்கமாக ஓரிரு நாளாவது ஆகும். ஆனால் அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் பாதிப்பு அதிகம். அந்தத் திசை உறுதியாவது, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் எல்1 புள்ளியருகே உள்ள விண்கலங்களைப் புயல் தொடும்போதுதான். நமது ஆதித்யா-எல்1 2024 ஜனவரி முதல் அங்கேதான் இருக்கிறது. அதன்பின் கையில் மிஞ்சுவது ஒரு மணி நேரமோ, அதற்கும் குறைவோ.

மின்தடை அறிவிப்பு முன்தினமே வந்தால் மேல்தொட்டியை நிரப்பி வைக்கிறோம் அல்லவா? அந்த ஒரு நாள் அவகாசத்தைத்தான் விஞ்ஞானிகள் தேடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் இதில் வேலை மிச்சமிருக்கிறது.