ப்ளக்கு சுட்டா ட்ரிப்பர் சொல்லாது, நம்ம கைதான் சொல்லும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு வீட்டு மின்சாரப் பாதுகாப்பு. அதுல ஒரே ஒரு விசயத்தைப் பேசறேன். அயன் பாக்ஸ், சுடுதண்ணி ராடு, இண்டக்சன் அடுப்பு ஓடும்போது ப்ளக்கு சுட்டா அது ஏன், எப்படிக் கண்டுபிடிக்கிறது?

2011 செப்டம்பர் 15-ந் தேதி மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கிற அரசுத் திட்டம் ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் குழுக் கடன்லயும் பல சாமான் வாங்கினோம். சாமான் புதுசு, ஆனா பல வீட்டுல ஒயரும் ப்ளக் பாயிண்டும் பழசு. நம்ம பக்கம் வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை இருக்குது. நூலும் பஞ்சுத் தூசியும் இருக்கிற இடத்துல ஒரு பொறி போதும்ங்க.

ப்ளக்கு ஏன் சுடுது? பாயிண்ட் ஓட்டைக்குள்ள ஒரு பித்தளைப் பிடி இருக்கும். அது பின்னை இறுக்கிப் பிடிக்கணும். வருசக்கணக்கா செருகி, பிடுங்கி, அது தளர்ந்து போனா பின்னு ஓரத்துல மட்டும்தான் தொடும். வைகாசித் தேர்க் கூட்டம் மொத்தமும் ஒரு சின்னச் சந்துல நுழைஞ்சா எப்படி நெரியும்? அந்த மாதிரி கரண்ட் நெரிஞ்சு போற இடம் சுடும். கரண்ட் ரெண்டு மடங்கு போனா சூடு நாலு மடங்கு ஆகும். அதனாலதான் பேன் போடறப்ப ஒண்ணும் தெரியாத பாயிண்ட், அயன் பாக்ஸ் போட்டதும் கொதிக்குது.

இங்கதான் எல்லாரும் ஏமாறுவோம். "ட்ரிப்பர் விழலையே, அப்புறம் என்ன கோளாறு?"ம்பாங்க. ட்ரிப்பர் விழறது கரண்ட் அளவுக்கு மேல போனா மட்டும்தான். பிடி தளர்ந்ததால கரண்ட் கூடாது, அந்த ஒரு இடம் மட்டும் சுடும். ஷாக் அடிக்காம காப்பாத்தற ஆர்.சி.சி.பி.யும் கரண்ட் வெளியே கசிஞ்சாத்தான் விழும். ஆக ரெண்டுக்கும் இந்தச் சூடு தெரியாது. தினமும் ப்ளக்கைத் தொடற நமக்குத்தான் தெரியும்.

முதல்ல ஒரு கணக்குப் பாருங்க. சாமான் மேல வாட் எத்தனைன்னு போட்டிருக்கும். அதை 230ஆல வகுத்தா ஆம்பியர் வரும். 1000 வாட் அயன் பாக்ஸ் நாலரைக்குள்ள இழுக்கும். 1500 வாட் ராடு ஆறரை. 2000 வாட் இண்டக்சன் ஏறக்குறைய ஒம்பது. சின்ன பாயிண்ட் தாங்கறது 6, பெரிய பவர் பாயிண்ட் தாங்கறது 16. அப்ப ராடையும் இண்டக்சனையும் சின்ன பாயிண்ட்ல போட்டா சுடத்தான் செய்யும். அதுக்குக் காரணம் லோடு. 1000 வாட் அயன் பாக்சுக்கே ப்ளக்கு சுட்டா லோடு காரணம் இல்லைங்க, பிடிமானத்தைத்தான் பார்க்கணும்.

அடுத்தது எந்த இடம் சுடுதுன்னு பார்க்கணும். பத்து நிமிசம் ஓட்டிட்டு, சுவிட்சை அணைச்சு, கை ஈரமில்லாம, கால்ல செருப்போட புறங்கையால ப்ளக்கு மேல தொட்டுப் பாருங்க. பின்னைத் தொட வேண்டாம். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வெச்சிருக்க முடியலைன்னா கோளாறுதான்.

ஒரே ஒரு பின்னு மட்டும் கறுத்திருந்தா, ப்ளக்கு ஆடினா, "சரசர"ன்னு சத்தம் வந்தா பாயிண்டுக்குள்ள பிடி தளர்ந்திருக்கும். ஒயர் ப்ளக்குக்குள்ள நுழையற இடம் சுட்டா உள்ளே திருகாணி லூசு, இல்லைன்னா ஒயர் இழை அறுந்திருக்கும். ஒயர் நெடுகச் சுட்டா ஒயர் மெலிசு. ஜங்சன் பாக்ஸ் ஒயரைச் சுருட்டி வெச்சாலும் சூடு வெளியேறாம இப்படி ஆகும்.

சந்தேகமா இருந்தா, அதே சாமானை வேற நல்ல பாயிண்ட்ல அதே பத்து நிமிசம் ஓட்டுங்க. அங்க சுடலைன்னா பழைய பாயிண்ட்ல கோளாறு. அங்கேயும் சுட்டா ப்ளக்குலயோ ஒயர்லயோ கோளாறு. ஏற்கெனவே கறுத்த, உருகின ப்ளக்கா இருந்தா இந்தச் சோதனையே வேண்டாம். அது நல்ல பாயிண்டையும் கெடுத்துரும்.

எங்க குழுவுல தையல் தைக்கிற ஒரு அக்கா, அயன் பாக்ஸ் கெட்டுப் போச்சுன்னு புதுசு வாங்கக் கடன் கேட்டாங்க. வேற பாயிண்ட்ல போட்டுப் பார்க்கச் சொன்னோம். ப்ளக்கு சுடவே இல்லை. பாயிண்டையும் ப்ளக்கையும் மாத்தினாங்க. அதே அயன் பாக்ஸ்தான் இன்னைக்கும் ஓடுது. கடனும் மிச்சம்ங்க.

மாத்தும்போது ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க. சூடு பட்ட பித்தளைக்கு இறுக்கம் திரும்ப வராது. கறுத்த பின்னு புதுப் பிடியையும் கெடுக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 1293ங்கிற எண்ணும் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. வேலையை எலக்ட்ரீசியன் செய்யட்டும். ஆனா "சுடுது, பாருங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "இந்தப் பின்னு பக்கம் சுடுது, வேற பாயிண்ட்ல போட்டா சுடலை"ன்னு சொல்லுங்க. "பொம்பளைங்களுக்குக் கரண்டைப் பத்தி என்ன தெரியும்?"னு அப்புறம் யாரும் கேட்க மாட்டாங்க.

செய்யக் கூடாதது மூணு. பெரிய ப்ளக்கை மாட்டறதுக்குச் சின்ன பாயிண்ட்ல கன்வெர்ட்டர் போடாதீங்க. ஆடற ப்ளக்குக்குத் தீக்குச்சியும் காகிதமும் சொருகாதீங்க. மேலே இருக்கிற பெரிய எர்த் பின்னை வெட்டாதீங்க, ஷாக்குல இருந்து உயிரைக் காப்பாத்தறது அதுதான். புகையோ தீயோ வந்தா தண்ணி ஊத்தாம, கைக்கு எட்டினா மெயினை அணைச்சு, காய்ஞ்ச மணலைப் போடுங்க. தீ அடங்கலைன்னா எல்லாரையும் வெளியே கூட்டிட்டு வந்து 101 அல்லது 112-க்குக் கூப்பிடுங்க.

ஒரு வேண்டுகோளோட முடிக்கிறேன். அடுத்த குழுக் கூட்டத்துக்குள்ள ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வீட்டு ப்ளக்கைத் தொட்டுப் பார்த்துட்டு வாங்க. சந்தா வசூல் முடிஞ்சதும் "உங்க வீட்டுல எது சுடுது?"ன்னு ஊக்குநர் ஒரு வார்த்தை கேட்கட்டும். பதிலைத் தீர்மான நோட்டுல எழுதுவோம். மாத்தியாச்சான்னு அடுத்த மாசம் கேட்போம்.