எழுதிய அன்றே ஊருக்குச் சொல்வோம்



பல்கலைக்கழகம் உள்ள ஊர் நம் கிருஷ்ணன்கோவில். ஆண்டு முழுக்க ஆய்வுக்கட்டுரைகள் பிறக்கிற ஊர். ஆனால் ஒரு கட்டுரை ஆய்விதழில் அச்சேற மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்தபின் பல இதழ்களில் அதைப் படிக்கச் சந்தா கட்ட வேண்டும். எல்லோரும் படிக்கட்டும் என்றால் எழுதியவரே பணம் கட்ட வேண்டும். 2021இல் நேச்சர் இதழ் அதற்குக் கேட்ட தொகை 9,500 யூரோ, எட்டு லட்சம் ரூபாய்க்கும் மேல். எழுதுகிறவருக்கோ, அச்சேறும் முன் அதைச் சரிபார்த்து மதிப்பிடுகிற அறிஞருக்கோ இதழ்கள் பொதுவாகக் கூலி தருவதில்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களுக்கு மூன்றாண்டுச் சந்தாவாக 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அரசு நிறுவன மாணவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் சந்தா நிற்கும் நாளில் கதவும் சாத்திக்கொள்ளும்.

வேறு வழி இருக்கிறது. இயற்பியலாளர்கள் 1991 முதல் கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போதே ஆர்க்கைவ் என்ற இணையதளத்திலும் போட்டுவிடுகிறார்கள். அதுதான் முன்வெளியீடு. அந்தப் பக்கத்தைத் திறந்தால் முதல் வடிவம், திருத்திய வடிவம், ஒவ்வொன்றுக்கும் தேதி, எல்லாம் வரிசையாக நிற்கும். யாரும் காசு கேட்பதில்லை. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும், ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகவும் ஐயமின்றியும் கண்டறியும் வழியை இப்படித்தான் இணையத்தில் வைத்தார்கள். சில நாளில் உலகக் கணிதர்கள் சரிபார்த்துவிட்டார்கள். ஹாலந்துக் கணிதர் லென்ஸ்ட்ரா நிரூபணத்தை இன்னும் எளிதாக்கிக் கொடுத்தார். இதழில் அது அச்சானது 2004இல். நம் கண்டுபிடிப்பை வேறொருவர் தட்டிக்கொண்டு போய்விடுவாரே என்று அஞ்சுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். தேதியிட்ட முன்வெளியீடே முதலில் சொன்னவர் யார் என்பதற்குச் சாட்சி.

சரிபார்க்காததைப் பொதுவில் வைத்தால் பொய் பரவாதா? நியாயமான கேள்வி. பரவியும் இருக்கிறது. 2020 ஜனவரி 31 அன்று, கொரோனா கிருமியில் எச்.ஐ.வி.யின் கூறுகள் தெரிவதாக டெல்லி ஆய்வாளர்கள் ஒரு முன்வெளியீடு போட்டார்கள். வதந்திக்கு அது தீனியானது. ஆனால் அறிஞர்கள் அந்த முன்வெளியீட்டின் பக்கத்திலேயே பிழையைச் சுட்டினார்கள், இரண்டு நாளில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மதிப்பீட்டைக் கடந்து 1998இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட வேக்ஃபீல்டின் கட்டுரையோ, தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டது. அதை முழுதாக நீக்க 2010 ஆனது. அந்தப் பன்னிரண்டு ஆண்டில் எத்தனை பெற்றோர் பயந்திருப்பார்கள்! மறுபுறம் டெக்ஸாமெத்தசோனைப் பாருங்கள். செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொரோனா நோயாளிகளின் மரணத்தை அந்த மலிவான மருந்து மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்ற ஆய்வு, 2020 ஜூன் 22 அன்று முன்வெளியீடாக வந்தது. ஜூன் 27 அன்று இந்தியா அதைத் தன் சிகிச்சை முறையில் சேர்த்தது. இதழில் வந்ததோ ஜூலை 17. அந்த மூன்று வாரம் காத்திருந்தால் போயிருக்கக்கூடிய உயிர்களை எண்ணிப் பாருங்கள்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. கான்பூர் நிரூபணத்தை உலகமே படித்தது, பெயர் தெரியாத மாணவரின் கட்டுரையை யார் படிப்பார்கள்? உண்மைதான், பல முன்வெளியீடுகளுக்கு ஒரு கருத்துகூட வருவதில்லை. அதனால்தான் மதிப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது வெளிச்சத்தில் நடக்கட்டும் என்கிறேன். ஈலைஃப் இதழ் 2023 முதல் முன்வெளியீட்டை எடுத்து மதிப்பிட்டு, மதிப்பீட்டாளர் எழுதியதையும் கட்டுரையோடு சேர்த்தே வெளியிடுகிறது. குறை என்ன, அதற்குக் கட்டுரையாளர் சொன்ன பதில் என்ன என்று கிருஷ்ணன்கோவில் மாணவரும் படிக்கலாம்.

நம் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஏற்கெனவே ஷோத்கங்கா இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. கட்டுரைகளுக்கும் அதே வழக்கம் வரட்டும். இதழுக்கு அனுப்பும் நாளிலேயே முன்வெளியீடு, கூடவே தமிழில் ஒரு பக்கச் சுருக்கம். தென்னையில் வரும் நோயைப் பற்றிய ஆய்வு என்றால் ராஜபாளையத்துத் தென்னை விவசாயி அதை வாசிக்க முடிய வேண்டும். பதவி உயர்வு விண்ணப்பத்தில் முன்வெளியீட்டுக்கென்று ஒரு கட்டம் போடுங்கள் என்று இங்கே அமர்ந்திருக்கும் துறைத்தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டம் இல்லாதவரை, எந்த இளம் ஆசிரியரும் துணிந்து இதைச் செய்யமாட்டார்.