கவுன்சிலரிடம் கணக்குக் கேட்போம்

(பாயான் பாரு குடியிருப்பாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்களில் பலர் ஃபேக்டரி வேலை முடிந்து நேராக வந்திருக்கிறீர்கள். சிலர் இன்னும் கொஞ்ச நேரத்தில் இரவு ஷிப்டுக்குப் போக வேண்டும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கவுன்சிலர் எப்படி என்று கேட்டால் நம்மவர்கள் என்ன சொல்கிறோம்? "நல்ல மனுஷன். தீபாவளிக்கு அரிசி கொடுத்தார், கோயில் திருவிழாவுக்கு வந்தார்." சரி, அந்த மரியாதையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரிசி கொடுப்பது கவுன்சிலர் வேலையா? லோங்காங், குப்பை, தெரு விளக்கு, அங்காடிக் கடை லைசென்ஸ் இவைதான் அவர் வேலை. இவற்றையெல்லாம் விடப் பெரிய வேலை ஒன்று உண்டு. எந்த இடத்தில் யார் எத்தனை மாடி கட்டலாம் என்று திட்ட அனுமதி கொடுப்பது மாநகர் மன்றம்தான். அந்த முடிவெடுக்கும் குழுவில் கவுன்சிலர்கள் உட்காருகிறார்கள். அங்கே அவர் வாயைத் திறந்தாரா, கையை மட்டும் தூக்கினாரா? நமக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

ஒரு காலத்தில் கவுன்சிலரை நாமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோம். 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயர் யார் தெரியுமா? டி.எஸ். ராமநாதன். தொழிற்கட்சிக்காரர், ஆசிரியர். மின்சாரம், தண்ணீர், பஸ் மூன்றையும் மாநகர மன்றமே நடத்திய காலம் அது. இன்று அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்த வழியாகப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்? 1965-இல் இந்தோனேசியாவுடன் மோதல் என்று காரணம் சொல்லி ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் அதை ஒரேயடியாக மூடிவிட்டது. தேர்தலைத் திரும்பக் கொண்டுவர பினாங்கு அரசு 2012-இல் சட்டம் போட்டுப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆகவே கவுன்சிலரை நியமிப்பது மாநில அரசு.

ஓட்டு இல்லை என்பதால் நமக்கு ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள். கவுன்சிலராக யாரைப் போடலாம் என்று சொல்லும் இடத்தில், தம் சமூகத்தின் நலனுக்காகப் பேசக்கூடியவர் என்பதையும் ஒரு தகுதியாக அதே 1976 சட்டம் சொல்கிறது. மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்றும் சொல்கிறது. மன்றம் தனியாகத் தீர்மானம் போட்டால்தான் கதவை மூட முடியும். நம்மில் எத்தனை பேர் போய் உட்கார்ந்திருக்கிறோம்? நானும் நீண்ட காலம் போனதில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது பக்கத்திலேயே நடந்த கதைக்கு வருவோம். சுங்கை ஆரா மலையை இங்கிருந்தே பார்க்கலாம். 76 மீட்டருக்கு மேலே உள்ள நிலத்திலும், 25 டிகிரிக்கு மேல் சரிந்த நிலத்திலும் கட்டக்கூடாது என்பது 2007-இல் அரசாங்கப் பதிவேட்டில் வந்த பினாங்கு கட்டமைப்புத் திட்டத்தின் விதி. ஆனால் "சிறப்புத் திட்டம்" என்று ஒரு சந்து வைத்துக்கொண்டார்கள். அந்தச் சந்து வழியாக 2012-இல் சன்வே நிறுவனத்துக்கு அந்த மலையில் வீடு கட்ட அனுமதி கிடைத்தது. கொடுத்தது நம் மன்றம், அப்போது அது நகராண்மைக் கழகம். அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனார்கள். 2015-இல் வாரியம் அனுமதியை ரத்து செய்தது. அதன் பிறகு இரண்டு நீதிமன்றங்களில் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பு வந்தது. அப்போதும் அவர்கள் விடவில்லை. 2023-இல் கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கட்டமைப்புத் திட்டம் மன்றத்தையும் கட்டுப்படுத்தும், "சிறப்புத் திட்டம்" என்று பெயர் வைத்து அதைத் தாண்ட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன்.

"அவர்கள் கொண்டோக்காரர்கள், வக்கீல் வைக்கப் பணம் இருக்கிறது. நமக்கும் அதற்கும் என்ன?" என்று ஓர் அண்ணன் என்னிடம் கேட்டார். மழை பெய்தால் மலை மண் எங்கே வரும் அண்ணே? கீழே இருக்கும் நம் லோங்காங்குக்குத்தானே? 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 பேர் செத்தார்கள். இரண்டே வாரத்தில் பெரு வெள்ளம் வந்தது. அடுத்த அக்டோபரில் பாயா தெருபோங் பக்கம் புக்கிட் குக்குஸில் 9 பேர் புதைந்தார்கள். அது மாநகர் மன்றமே போட்ட சாலை வேலை. செத்தவர்கள் எல்லாம் கூலிக்கு வந்தவர்கள், பெரும்பாலும் அந்நிய நாட்டுத் தொழிலாளர்கள். நம் தாத்தா பாட்டியும் அப்படி வந்தவர்கள்தாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஓர் இடத்துக்கு உள்ளூர்த் திட்டம் இல்லாதபோது, பக்கத்து நிலத்தின் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், 21 நாளில் அவர் ஆட்சேபம் சொல்லலாம் என்கிறது சட்டம். சொந்தக்காரருக்கு! வாடகைக்கு இருப்பவருக்கு அல்ல. நம்மில் எத்தனை குடும்பம் வாடகை ஃபிளாட்டில் இருக்கிறது? அந்தக் கடிதம் நம் கதவுக்கு வராது. அதைக் கொண்டுவந்து நம்மிடம் சொல்ல வேண்டியவர் கவுன்சிலர். அவர் சொன்னாரா இல்லையா என்று பாருங்கள், ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்களா என்றால், இருந்திருக்கிறார்கள். டாக்டர் லிம் மா ஹுய் பொது அமைப்புகளின் சார்பில் மன்றத்தில் உட்கார்ந்தவர். மலைக் கட்டுமானத்தைப் பற்றி, தம்மை நியமித்த அரசுக்குப் பிடிக்காத கேள்விகளையும் வெளியில் வந்து கேட்டார். அவர் சீனர், நமக்கு என்ன என்று பேசாதீர்கள். அவர் காப்பாற்ற நினைத்த மலையின் கீழே நாமும் இருக்கிறோம். தமிழ்க் கவுன்சிலர் இருந்தால் போதும் என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. தமிழர் ஒருவர் ஐந்து வருஷம் உட்கார்ந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்றால் அந்த நாற்காலியால் யாருக்கு லாபம்?

பின்னால் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. உங்கள் புளோக், எந்த இடத்தில் லோங்காங் அடைத்திருக்கிறது, எப்போது புகார் கொடுத்தீர்கள், யார் பதில் சொன்னார்கள் என்று எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தயங்குகிறவர்கள் வாயால் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அடுத்த மன்றக் கூட்டத்துக்கு அந்த நோட்டோடு பத்துப் பேராவது போகிறோம். இரவு ஷிப்டு முடித்து யார் யார் வர முடியும்? கை தூக்குங்கள்.