ஐந்தாம் தவணை



தில்லியில் வேலை பார்க்கும் அரசாங்க ஊழியனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கம் ஒரு பெரிய பாக்கியம். அதை அவன் எளிதில் பிறருக்கு விட்டுக்கொடுப்பதில்லை. ஆயினும் சில ஆண்டுகளாக, செப்டம்பர் தொடங்கி நவம்பர் முடியும் வரையில், என் ஞாயிறுகளில் பல, பால் வருவதற்கு முன்பே தொலைபேசி மணியால் கலைந்துவிடுகின்றன. அழைப்பவன் என் தமக்கையின் மகன். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். இங்கே பொழுது விடியும்போது அங்கே சனிக்கிழமை மாலை. அவனுடைய கல்லூரி அணி ஆடிய கால்பந்து ஆட்டம் முடிந்து ரசிகர்கள் வீடு திரும்பும் நேரம்.

சென்ற பருவத்தில் ஒரு நாள், "ஜெயித்துவிட்டோம் மாமா" என்றான். குரலோ துக்க வீட்டிலிருந்து பேசுவது போல் இருந்தது. எத்தனை புள்ளி வித்தியாசம் என்று கேட்டேன். "மூன்றுதான்" என்றான். பிறகு அரை மணி நேரம் விசாரணை நடந்தது. முன் வரிசை தடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் பந்தைப் பார்த்தார்களே தவிர ஆளைப் பார்க்கவில்லை. முன்னணியில் இருந்தபோது பயிற்சியாளர் பயந்து ஆடச் சொன்னார். அடுத்த வாரத்து எதிரியிடம் இப்படி ஆடினால் மானம் போய்விடும். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "வென்றது நீங்கள்தானே?" அவன் பதில் சொன்னான்: "இதை வெற்றி என்று சொல்ல முடியாது, மாமா."

கொல்கத்தாவில் வாழும் நேயர்களுக்கு இது புதிதன்று. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய மறுநாள் தேநீர்க் கடைகளில் நடக்கும் வாதப் பிரதிவாதங்களை அவர்கள் கேட்டிருப்பார்கள். ஆயினும் வென்றவர்கள் இவ்வளவு துயரப்படுவது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. விசாரித்துப் பார்த்தபோது அதற்கு ஒரு நியாயம் இருப்பது தெரிந்தது.

அந்நாட்டின் உயர்மட்டப் பிரிவில் மட்டும் நூற்று முப்பதுக்கு மேற்பட்ட கல்லூரி அணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் ஏறக்குறையப் பன்னிரண்டு ஆட்டங்களே ஆடும். எல்லாரும் எல்லாரோடும் மோத இயலாது. அவ்வாறாயின் நாட்டில் சிறந்த அணி எது என்று தீர்மானிப்பது எப்படி? அபிப்பிராயத்தால்தான். 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் என்னும் செய்தி நிறுவனம் பத்திரிகையாளர்களிடம் வாராவாரம் வாக்குப் பெற்று அணிகளை வரிசைப்படுத்தி வருகிறது. 1950-இல் பயிற்சியாளர்களின் வாக்கு வரிசையும் தோன்றியது. 1998-இல் கணிப்பொறிகளையும் துணைக்கு அழைத்தார்கள். அவற்றுள் சில, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றாய் என்றும் கணக்குப் பார்த்தன. பலமற்ற அணிகளை இரக்கமின்றி அடித்து நொறுக்க இது தூண்டுகோலாகிவிடும் என்று அஞ்சி, 2002-இல் அந்தக் கணக்கை நீக்கினார்கள். 2014-ஆம் ஆண்டுப் பருவம் முதல் ஒரு தேர்வுக் குழு நான்கு அணிகளைப் பொறுக்கி இறுதிப் போட்டிகளை நடத்தியது. 2024 முதல் பன்னிரண்டு அணிகள்.

கணிப்பொறி மறந்தாலும் மனிதர் மறப்பதில்லை. 2023-இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணி தன் பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்றது. ஆனால் பருவம் முடியும் தறுவாயில் அதன் தலையாய ஆட்டக்காரர் காயமுற்றார். அதன்பின் வந்த வெற்றிகள் குழுவினர் கண்ணுக்குப் போதுமானவையாகத் தோன்றவில்லை. ஒரு தோல்வியும் இல்லாத அந்த அணி நால்வரில் ஒன்றாக இடம் பெறவில்லை. ஆகவே, மூன்று புள்ளியில் வென்றுவிட்டு என் மருமகன் கலங்குவதில் பொருள் இருக்கிறது. அங்கே வெற்றிக்கும் தரம் பார்க்கிறார்கள். இரண்டாந்தர வெற்றிக்குத் தண்டனையும் உண்டு.

இவ்விடத்தில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டமன்று. பந்து இரு முனையும் கூர்ந்திருக்கும். பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடுவார்கள், அல்லது எறிவார்கள். இலக்குக் கோடுகளுக்கு இடையே நூறு கஜம். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் புதிதாக நான்கு. தவறினால் பந்து எதிரிக்கு. கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளி; அதன்பின் ஒரு உதைக்கு ஒரு புள்ளி; தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் மூன்று. அந்த ஒவ்வொரு முயற்சிக்கும் அவர்கள் 'டவுன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் நான். அந்தச் சொல் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. 'முயற்சி' என்றால் வலுவில்லை. 'வாய்ப்பு' என்றால் தானாக வந்தது போல் இருக்கிறது. கடைசியில் 'தவணை' என்று வைத்தேன். நான்கு தவணையில் பத்துக் கஜம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் பறிமுதல். மருமகன் சிரித்தான், வங்கிக் கடன் போல் இருக்கிறதாம். இருக்கட்டும், அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்கும் வரை இதுவே நிற்கும்.

தவணைகளை எண்ணுவது எளிது என்று நினைக்கிறோம். நான்கு வரை எண்ணத் தெரிந்தால் போதும் அல்லவா? அதில்தான் ஒரு கதை இருக்கிறது.

1940 நவம்பர் 16. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹானோவர் என்னும் சிற்றூர். அங்குள்ள டார்ட்மத் கல்லூரியின் மைதானம். எதிர்த்து ஆட வந்தது கார்னெல் பல்கலைக்கழக அணி. பதினெட்டு ஆட்டங்களாகத் தோல்வி அறியாத அணி. அந்தப் பருவத்திலேயே சில வாரங்கள் நாட்டின் முதல் இடத்தில் வைக்கப்பட்ட அணி. டார்ட்மத்தைச் சுலபமாக வெல்லும் என்றே எல்லாரும் எதிர்பார்த்தனர். ஆட்டமோ வேறு விதமாகப் போயிற்று. நாலாவது பகுதியில் டார்ட்மத் ஒரு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி பெற்றது. கார்னெலுக்கு ஒன்றும் இல்லை.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷமும் இல்லாத நிலையில் கார்னெல் இலக்குக் கோட்டுக்குச் சில கஜ தூரத்தில் வந்து நின்றது. முதல் தவணை, இரண்டாம் தவணை, மூன்றாம் தவணை: மூன்று முறையும் பந்தை ஏந்திக்கொண்டு மோதினார்கள். கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு கஜம் இருக்கையில் டார்ட்மத்தின் தடுப்பு நின்றுவிட்டது. அடுத்து, உரிமைக்கு மேற்பட்டு இடைநிறுத்தம் கேட்டதற்காகக் கார்னெலுக்கு ஐந்து கஜம் தண்டனை. நான்காம் தவணையில் வால்ட்டர் ஷோல் என்பவர் பந்தை எறிந்தார். டார்ட்மத் வீரர் ஒருவர் அதைத் தட்டி வீழ்த்தினார். அத்துடன் பந்து டார்ட்மத்துக்கு உரியது. ஆட்டமும் முடிந்தது போலத்தான்.

நடுவர் ரெட் ஃப்ரீசெல் அனுபவம் மிக்கவர், நல்ல பெயர் எடுத்தவர். இடையில் வந்த தண்டனையால் அவர் கணக்குக் குழம்பியதோ என்னவோ, பந்தை மீண்டும் கார்னெலிடமே கொடுத்துவிட்டார். சில விநாடிகளே மிச்சம். ஷோல் எறிந்தார், மர்ஃபி என்பவர் கோட்டுக்கு அப்பால் பிடித்தார். ஆறு புள்ளி, பின்பு ஒன்று. கார்னெல் 7, டார்ட்மத் 3. தோல்வி அறியாத வரிசை பத்தொன்பதாயிற்று.

அன்றிரவு கார்னெல் ரசிகர்கள் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. தத்தளித்து, தடுமாறி, மயிரிழையில் பெற்ற வெற்றி. என் மருமகனைப் போலவே, 'ஏன் இப்படி ஆடினோம்?' என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை காணக் கார்னெலிடம் ஒரு சாதனமும் இருந்தது. அதன் பயிற்சியாளர் கார்ல் ஸ்னேவ்லி, ஆட்டங்களைப் படமெடுத்துத் தம் வீரர்களின் குறைநிறைகளை ஆராய்வதில் முன்னோடி எனப் பெயர் பெற்றவர். அந்த ஆட்டத்துப் படத்தையும் ஓட்டிப் பார்த்தார்கள். தடுப்பு வரிசை எங்கே தளர்ந்தது, எறிதல் ஏன் பிசகியது என்று காண எடுத்த படம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிக் காட்டியது.

நடுவர் ஃப்ரீசெல் தாமும் படத்தைப் பார்த்தபின், பிழை தம்முடையதே என்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைக் கோப்புகளோடு வாழ்பவர்கள் அறிவார்கள். ஆனால் சட்டப்படி அதனால் ஒரு பயனும் இல்லை. ஆட்டம் முடிந்தபின் முடிவை மாற்றும் அதிகாரம் நடுவருக்கும் இல்லை, அவருக்கு மேலிருந்தவர்களுக்கும் இல்லை. மாற்ற வல்லவர் ஒருவரே: வென்றவர்.

திங்கட்கிழமை கார்னெல் டார்ட்மத்துக்குத் தந்தி அடித்தது. வெற்றி உங்களுடையது என்றது. பல்கலைக்கழகத் தலைவர் எட்மண்ட் டேயும் அதிகாரிகளும் எடுத்த முடிவு அது. டார்ட்மத் ஏற்றுக்கொண்டது. இன்றுவரை ஏடுகளில் உள்ள முடிவு: டார்ட்மத் 3, கார்னெல் 0. இதனால் கார்னெலுக்கு ஏதேனும் நற்பலன் உடனே கிடைத்தது என்று கதை கட்ட எனக்கு ஆசைதான், நடந்தது அதுவன்று. அடுத்த ஆட்டத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 22-க்கு 20 என்று தோற்றார்கள். நாட்டின் முதலிடம் கிட்டவில்லை.

ஐம்பது ஆண்டு சென்றது. 1990 அக்டோபர் 6 அன்று மிஸ்ஸூரி பல்கலைக்கழகத்து மைதானத்தில், கொலராடோ அணிக்கு இதே ஐந்தாம் தவணை மீண்டும் கிடைத்தது. மிஸ்ஸூரி 31, கொலராடோ 27. கடைசி விநாடிகள். தவணை எண்ணைக் காட்டும் பலகையை வைத்திருந்தவர்கள் ஒருமுறை அதை மாற்றத் தவறிவிட்டார்கள். பலகை சொன்னதை நம்பிய கொலராடோ ஆட்டக்காரர், கடியாரத்தை நிறுத்துவதற்காக நான்காம் தவணையில் வேண்டுமென்றே பந்தைத் தரையில் அடித்தார். ஐந்தாம் தவணையில் பந்தோடு கோட்டைக் கடந்தார். 33-க்கு 31. இரண்டு புள்ளி வெற்றி. அவ்வாண்டு முடிவில் பத்திரிகையாளர் வரிசையில் கொலராடோவே முதல். பயிற்சியாளர் வரிசையில் ஜார்ஜியா டெக்.

கொலராடோ வெற்றியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதன் பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி, மைதானத்தின் தரை வழுக்கி ஆடத் தகாததாய் இருந்ததைக் காரணமாகச் சொன்னார். அவரே மிஸ்ஸூரியில் படித்து ஆடியவர் என்பது இக்கதையில் ஒரு வேடிக்கை. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1998-இல், அந்த நிகழ்ச்சிக்காக வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார்.

கொலராடோவைக் குறை கூறுவது சுலபம். நான் அதற்கு முன்வரமாட்டேன். நடுவர் கொடுத்ததை ஏற்பதே ஆட்டத்தின் ஒழுங்கு என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. நடுவரின் பிழையால் இழந்தவற்றை நமக்கு யாரும் திருப்பித் தருவதில்லையே! அதே ஆட்டத்தில் வேறு பிழைகள் எத்தனை நடந்தனவோ, அவற்றையெல்லாம் யார் எண்ணினார்கள்? மருமகன் இப்படித்தான் வாதாடினான், நன்றாகவே வாதாடினான். கார்னெல் செய்தது கடமைக்கு மேற்பட்ட செயல், அதை எல்லாரிடமும் எதிர்பார்க்கக் கூடாது என்பது அவன் கட்சி. நான் முழுவதும் மறுக்கவில்லை. மறுக்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம். அதையும் அன்று அவனிடம் சொன்னேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, நான் படித்த கல்லூரிக்கும் பக்கத்து ஊர்க் கல்லூரிக்கும் ஒரு கால்பந்து ஆட்டம் நடந்தது. இது நம்முடைய கால்பந்து. நானும் விடுதி நண்பர் ஐவரும் எதிரணியின் கோலுக்குப் பின்னால், வலையை ஒட்டி நின்றிருந்தோம். ஆட்டம் முடியும் நேரம்; இருபக்கமும் ஒரு கோல்கூட விழவில்லை. எங்கள் ஆள் ஓரத்திலிருந்து பந்தை ஓங்கி உதைத்தான். பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. பக்கவாட்டு வலையில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாக உள்ளே நுழைந்து வலைக்குள் உருண்டு நின்றது. நடுவர் தொலைவில் இருந்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது, வலைக்குள் கிடக்கும் பந்து. எங்கள் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. நாங்கள் ஆறு பேரும் ஒரே குரலில் "கோல்!" என்று கூவினோம். ஊதல் ஒலித்தது.

எதிரணியின் கோல்காப்பாளன் அந்தக் கிழிசலைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவரை அழைத்தான். அவர் அதற்குள் மைதானத்தின் நடுவுக்குத் திரும்பிவிட்டார். பிறகு அவன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பத்து மணி வரை வெற்றியை ஆராய்ந்தோம். நடுக்களம் சோம்பியது என்றோம். இடது ஓரத்தில் ஆடியவனுக்கு மூச்சு வாங்கியது என்றோம். இப்படி ஆடினால் அடுத்த சுற்றில் கரை சேர முடியாது என்று ஒருவன் கோபமாகப் பேசினான். நான் அதை ஆமோதித்தேன். எல்லாருடைய ஆட்டத்தையும் அலசினோம். வலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் காலை வகுப்புக்குப் போகும் வழியில் பார்த்தேன். மைதானப் பணியாளர் ஒருவர் தரையில் அமர்ந்து, சணல் கயிறு கொண்டு அந்தக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் நூலகத்துப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

இதைக் கேட்ட மருமகன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்தக் கோல்காப்பாளன் பெயர் நினைவிருக்கிறதா, மாமா?" என்று கேட்டான். நான் அதைத் தெரிந்துகொள்ளவே இல்லை.