பத்தாயிரம் அடி வேண்டாம், பத்திரமான அடி போதும்

(மட்டாஞ்சேரியில் நம் சபையின் மூத்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மொபைல் ஆப் வைத்துக்கொண்டு நடப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவன். வயது 76. பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன்.

போன வருஷம் பேரன் என் போனில் அடிகளை எண்ணும் ஆப் ஒன்றைப் போட்டு, "தாத்தா, தினம் பத்தாயிரம்" என்றான். முதல் நாள் 2,300தான் வந்தது. மானப் பிரச்னையாகிவிட்டது. பாலஸ் ரோடு, பஜார் ரோடு என்று காலையும் மாலையும் சுற்றினேன். ஒன்பதாம் நாள் 10,000 தொட்டேன். பத்தாம் நாள் முழங்கால் வீங்கிப் படுத்தேன். மூன்று வாரம் ஆத்துக்காரி கையைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்கே போனேன். "பத்தாயிரம் என்று யார் சொன்னது?" என்று டாக்டர் கேட்டார். பதில் தெரியவில்லை.

தேடிப் பார்த்தேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருஷம், 1965-ல், ஜப்பானியக் கம்பெனி ஒன்று இடுப்பில் மாட்டும் கருவியை விற்றது. பெயர் 'மாம்போகேய்'. பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். விற்பனைக்காக வைத்த பெயர்தான் உலகம் முழுக்க விதியாகிவிட்டது.

2019-ல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழுவினர், சராசரி 72 வயதான 16,741 பெண்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் 41 சதவீதம் குறைவு. சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் பலன் காணவில்லை. ஆரோக்கியமானவர்களே அதிகம் நடந்திருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் நமக்குத் தைரியம் தரும் கணக்கு இது.

எழுந்த பிறகு என் முறையை மாற்றினேன். ஒரு வாரம் வழக்கம்போல் இருந்து, சராசரியைக் குறித்துக்கொண்டேன். பிறகு இரண்டு வாரத்துக்கு 500 அடி வீதம் கூட்டினேன். இப்போது 5,000. எடவப்பாதி மழையில் வீட்டு ஹாலிலேயே நடை.

போனுக்குள் இருக்கும் ஆக்ஸிலரோமீட்டர் என்ற சிறு சில்லு, உடம்பின் அசைவை மூன்று திசைகளில் அளந்து, அதன் தாளத்தை அடியாக எண்ணுகிறது. காலைத் தேய்த்து மெதுவாக நடந்தால் சில அடிகள் விட்டுப்போகும். மாமிகள் போனை அலமாரியில் வைத்துவிட்டு அடுக்களைக்கும் கொல்லைக்கும் நடந்தால் ஒன்றுமே ஏறாது. அதற்காக நீங்கள் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை!

அடிக் கணக்கில் வராதது ஒன்று உண்டு: விழாமல் நிற்கும் பலம். 65 வயதுக்கு மேல், வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை பலத்துக்கும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று பாருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 75 முதல் 79 வயது ஆண்களுக்கு 11-க்குக் குறைந்தால் விழும் அபாயம் அதிகம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. எனக்கு வந்தது ஏழு. முன்பெல்லாம் சமாராதனையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, கை ஊன்றாமல் எழுந்தோம். டேபிள் வந்தது, அந்தப் பழக்கம் போயிற்று. தினமும் பயிற்சி செய்து இப்போது பத்து வரை வந்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நாங்கள் நண்பர்கள் மூவர் ராத்திரி அன்றைய அடிக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறோம். ஒருநாள் ஒருவரிடமிருந்து வெறும் 40 வந்தது. உடனே கூப்பிட்டேன். குரலே எழும்பவில்லை, கடும் ஜுரம். பிள்ளைகள் வெளிநாட்டில், தனி ஆள். ஆட்டோ பிடித்துப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

2011 ஜனத்தொகைக் கணக்குப்படியே கேரளத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.6 சதவீதம். நம் தெருக்களில் அதைவிட அதிகம் என்றே தோன்றுகிறது. ஆகவே என் வேண்டுகோள்: மூன்று மூன்று பேராகச் சேருங்கள். கணக்கு வராத ராத்திரி, ஒரு போன் போட்டு விசாரியுங்கள்.