பழியும் பொறுப்பும்



போடி ஏலக்காய் வெளிநாடு வரைக்கும் போகிறது. போடி பக்கத்து ராசிங்காபுரத்துப் பிள்ளை ஒருவர் அந்த வியாபாரத்தில் வேலைக்குச் சேர்ந்தால், சரக்கு ஈரமாகப் போய் இறங்கிய அன்றைக்கு ஆங்கிலத்தில் பதில் எழுத வேண்டிவரும். அதற்கு மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, பிளேம். பழி சொல்வது. ஆளை முதலில் சொன்னால் பின்னால் 'ஃபார்' வரும். குறையை முதலில் சொன்னால் 'ஆன்' வரும். இரண்டாவது, ஃபால்ட். தவறு யாருடையது என்று சொல்வது. மூன்றாவது, ரெஸ்பான்சிபிள். பொறுப்பு. இதற்குப் பின்னாலும் 'ஃபார்'தான். தவறு செய்யாதவரும் பொறுப்பை ஏற்கலாம் என்பதுதான் இதன் பெருமை.

இதற்கு ஓர் உதாரணம். 1956 நவம்பர் 23. அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ரயிலை ஓட்டியவரல்ல, ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. ஆனாலும் தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். தார்மீகப் பொறுப்பை ஆங்கிலத்தில் மாரல் ரெஸ்பான்சிபிலிட்டி என்பார்கள்.

ஆகவே, தம்பி தங்கைகளே, சரக்கு ஈரமானதற்குப் பதில் எழுதும் கடிதத்தில் "வீ டேக் ஃபுல் ரெஸ்பான்சிபிலிட்டி" என்று முதல் வரியை எழுதுங்கள். எப்படிச் சரிசெய்யப் போகிறோம் என்பதை அடுத்து எழுதுங்கள். ஈரத்துக்குக் காரணம் மழையா, லாரியா என்பது கடைசியில் வரட்டும். அப்படி எழுதுகிறவரை நம்பித்தான் அடுத்த சரக்குக்கும் ஆர்டர் வரும்.